லாம்டாவுக்கு ஜிப் ஃபைலா, கன்டெய்னர் இமேஜா?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லிகை விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஏடபிள்யூஎஸ் லாம்டா (நாம் சர்வர் வைக்காமலே கோடை ஓட்டித்தரும் அமேசான் சேவை) ஃபங்ஷனுக்கு ஜிப் தாராளமாகப் போதும். நேரடியாக ஏற்றினால் 50 எம்பி, விரித்தால் லேயர்களோடு (தனியாக இணைக்கும் லைப்ரரித் தொகுப்புகள்) சேர்த்து 250 எம்பி வரம்பு. பலரும் சறுக்குவது இங்கேதான்: விண்டோஸில் பிப் (பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் கருவி) மூலம் நிறுவிய பில்லோ என்ற பட லைப்ரரியை அப்படியே ஜிப் செய்தால் இம்போர்ட் எர்ரர் வரும், ஏனென்றால் லாம்டா ஓடுவது லினக்ஸில். பிப்புக்கு மேனிலினக்ஸ் (லினக்ஸுக்கான பைத்தான் பேக்கேஜ் வகை) பிளாட்ஃபார்மைக் குறிப்பிட்டு இறக்குங்கள்.

பூ வியாபாரிக்குத் தமிழில் பிடிஎஃப் பில் வேண்டுமென்றால் கோடையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டும் கன்டெய்னர் இமேஜ்தான் என் தேர்வு. தமிழ் ஃபான்ட் இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் லைப்ரரி இல்லாவிட்டால் 'கெ'யின் கொம்பு இடம் மாறி நிற்கும். இரண்டையும் டாக்கர்ஃபைலிலேயே (இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதும் ஃபைல்) நிறுவிவிடலாம். இமேஜ் 10 ஜிபி வரை இருக்கலாம். ஃபங்ஷன் மும்பை ரீஜனில் என்றால் இமேஜும் மும்பை இசிஆரில்தான் (ஏடபிள்யூஎஸ்ஸின் இமேஜ் கிடங்கு) இருக்க வேண்டும். புது இமேஜைப் புஷ் செய்தால் மட்டும் போதாது, ஃபங்ஷனையும் அப்டேட் செய்யுங்கள்.

இரண்டிலும் டைம்அவுட் (ஃபங்ஷன் ஓட அனுமதிக்கும் அதிகபட்ச நேரம்) முதலில் 3 நொடிதான். பிடிஎஃப்புக்கு 30 ஆக்கிவிடுங்கள்.