எல்லை தாண்ட நினைக்கும் தொண்டு நிறுவனம்: வேலூர்ப் பதிவை என்ன செய்யலாம்?

காட்பாடியைத் தாண்டி சித்தூர் ரோட்டில் போனால் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட். அதற்கு மேல் ஆந்திரா. குடியாத்தத்துக்காரர்களுக்குப் பலமநேரும், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு வி.கோட்டாவும் பக்கத்து ஊர் மாதிரிதான். அதனால் இந்தப் பகுதித் தொண்டு நிறுவனங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். வேலை எல்லைக்கு அந்தப் பக்கம் வளர்ந்துவிடும், அல்லது நிர்வாகக் குழுவில் பாதிப் பேர் பெங்களூரில் குடியேறிவிடுவார்கள், அல்லது நன்கொடை தருபவர் "உள்ளூர்ப் பதிவு இருந்தால் வசதி" என்பார். உடனே பொதுக்குழுவில் யாராவது எழுந்து, "பேசாம பதிவையே அங்க மாத்திட்டா என்ன?" என்று கேட்பார்.

கேட்பது சுலபம். பதில், உங்கள் அமைப்பு சங்கமா, அறக்கட்டளையா, கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான லாப நோக்கற்ற கம்பெனியா என்பதைப் பொறுத்தது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான சிறு அமைப்புகள் பதிவை இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு, அங்கே ஒரு கிளை அலுவலகம் திறப்பது மேல். அவசரப்பட்டு மாற்றப் போனால் பல நேரங்களில் அமைப்பின் வயதை இழக்க வேண்டியிருக்கும். வயது போனால் என்னென்ன போகும் என்று கீழே வருகிறது.

அதற்கு முன் உள்ளூர்க் குழப்பம் ஒன்று. 2019 நவம்பர் 28-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. "எங்கள் பதிவு வேலூர் மாவட்டத்தில், அலுவலகம் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில், செல்லுமா?" என்று இன்றும் கேட்கிறார்கள். செல்லும். வருவாய் மாவட்டம் வேறு, பதிவுத் துறையின் பதிவு மாவட்டம் வேறு. உங்கள் கோப்பு எந்த மாவட்டப் பதிவாளரிடம் இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொண்டால் போதும். ஆம்பூரில் இருக்கும் சங்கம் வேலூருக்கு வந்தாலும் அது மாநிலத்துக்குள் நடக்கும் முகவரி மாற்றம்தான். தீர்மானம் போட்டு, துணைவிதியில் (சங்கத்தை நடத்தும் விதிகளில்) முகவரி எழுதியிருந்தால் அதையும் திருத்தி, பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் துணைவிதியில் உள்ள 'செயல்பாட்டு எல்லை' என்ற வரி. பழைய சங்கங்களில் அங்கே 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருக்கும். 1989-க்கு முந்தைய வட ஆற்காடு என்றால் இன்றைய கணக்கில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்கும் சேர்ந்தது. சித்தூர் அதில் வராது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை வட ஆற்காட்டின் தலைமையிடமே சித்தூர்தான் என்று வாதாடலாம். பதிவாளர் ஒப்புக்கொள்ள மாட்டார். 'இந்தியா முழுவதும்' என்று இந்த ஒரு வரியைத் திருத்தினாலே, பதிவை மாற்ற நினைத்த பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சங்கம்: போக வழியில்லை

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இல் வந்தது, 1978-இல் அமலானது. ஆந்திராவில் 2001-ஆம் ஆண்டுச் சட்டம், கர்நாடகாவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். மூன்றும் தனித்தனி மாநிலச் சட்டங்கள். வேலூர்ப் பதிவாளர் ஒரு சங்கத்தைச் சித்தூர்ப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு எதிலும் கிடையாது. "என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கிக்கொண்டு போய்விடலாம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவில் என்று கேளுங்கள்.

ஆகவே சங்கத்தைப் பொறுத்தவரை 'மாற்றுவது' என்றால், அங்கே புதிதாக ஒரு சங்கம் பதிவுசெய்து, இங்கிருப்பதை அதற்குக் கொடுத்து, பழையதைக் கலைப்பது என்றுதான் பொருள். ஏழு பேர் சேர்ந்தால் புதுச் சங்கம் பதிவாகிவிடும். வலி அதற்குப் பிறகுதான்.

அந்தப் புதுச் சங்கத்துக்கு வயது பூஜ்யம். பான் புதிது, வங்கிக் கணக்கு புதிது. வருமான வரியில் 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகளைப் புதிதாகக் கேட்க வேண்டும். முதலில் கிடைப்பது மூன்றாண்டுத் தற்காலிகப் பதிவு. கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணம் வாங்கும் அமைப்புக்கு அதே மாதிரி வேலையில் மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்பது விதி. ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளிலோ சிஎஸ்ஆர் பணம் பெற்று நடக்கும் திட்டம் இருந்தால், புதுச் சங்கத்தின் பெயரில் அதைத் தொடர முடியாது. பழைய சங்கத்தின் இருபதாண்டு வேலை ஆட்களின் நினைவில் இருக்கும், காகிதத்தில் புது அமைப்புக்கு வராது.

வெளிநாட்டு நன்கொடை வாங்கும் சங்கம் என்றால் நிலைமை இன்னும் மோசம். எப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றித் தரக்கூடாது. வாங்குபவருக்கும் எப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும் கூடாது. முன்பு அப்படிக் கொடுக்க வழி இருந்தது. அந்தக் காலத்து ஆலோசனையை இன்றும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், கவனம். புதுச் சங்கம் சொந்தமாக எப்சிஆர்ஏ பதிவு கேட்க வேண்டுமானால் மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் தன் நோக்கங்களுக்காகச் செலவழித்திருக்க வேண்டும். அதாவது மூன்று வருடம் உள்நாட்டுப் பணத்திலேயே ஓட வேண்டும். வேலூர்ப் பக்கத்துச் சிறு அமைப்புகளில் எத்தனை பேரால் இது முடியும்?

வரியிலும் ஒரு பொறி உண்டு. பழைய 1961 சட்டத்தின் எண்களையே சொல்கிறேன். புதிய வருமான வரிச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன, ஆடிட்டரிடம் சரிபாருங்கள். 2016-இல் வந்த 115டிடி பிரிவுப்படி, ஒரு தொண்டு நிறுவனம் கலைந்து, தன் சொத்தை 12 மாதத்துக்குள் பதிவுபெற்ற இன்னொரு தொண்டு நிறுவனத்துக்குக் கொடுக்காவிட்டால், கடன் போக மிச்சமுள்ள சொத்தின் சந்தை மதிப்புக்கு உச்ச விகிதத்தில் வரி விழும். ஆகவே புதுச் சங்கத்துக்கு வருமான வரிப் பதிவு வந்த பிறகே பழையதைக் கலைக்கலாம். வரிசை மாறினால் நிலத்தை விற்றுத்தான் வரி கட்ட வேண்டும். ஒரே மாதிரி நோக்கமுள்ள, பதிவுபெற்ற இரண்டு அமைப்புகள் இணைந்தால் இந்த வரி இல்லை என்று 2025 ஏப்ரல் முதல் வழி திறந்திருக்கிறது. ஆனால் நிலமும் கட்டிடமும் கைமாற பத்திரம், முத்திரைத் தீர்வை எல்லாம் வழக்கம்போல உண்டு.

அறக்கட்டளை: நகர்த்த ஒன்றுமில்லை

அறக்கட்டளை கொஞ்சம் வேடிக்கையான விஷயம். மகாராஷ்டிராவில் 1950-இல் வந்ததுபோல் பொது அறக்கட்டளைகளுக்கான தனிப் பதிவுச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகியிருக்கும், அவ்வளவுதான். வருடாவருடம் அங்கே கணக்குக் கொடுப்பதும் கிடையாது. ஆகவே 'அந்த மாநிலத்துக்கு மாறுவது' என்றால் துணைப் பத்திரம் ஒன்று எழுதித் தலைமை அலுவலக முகவரியை மாற்றுவதுதான். பான் அதேதான், வயதும் அப்படியே. வருமான வரிக் கோப்பு மட்டும் சென்னை விலக்குப் பிரிவு ஆணையரிடமிருந்து ஹைதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போகும்.

இவ்வளவு சுலபமா என்றால், மூலப் பத்திரம் அனுமதிக்க வேண்டும். திருத்தும் அதிகாரத்தைப் பத்திரமே அறங்காவலர்களுக்குத் தரவில்லை என்றால் அவர்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் நீதிமன்றம் போக வேண்டி வரும். அவசரத்தில் மாதிரிப் பத்திரத்தைப் பார்த்து எழுதியவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். இன்னொன்று, ஆந்திராவின் 1987-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் கோயில்களோடு நிற்பதில்லை, பொது அறக்கட்டளைகளையும் தொடும். தமிழ்நாட்டில் யாரும் எட்டிப் பார்க்காத அறக்கட்டளை சித்தூர் போனதும் அறநிலையத் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியதாகலாம். பெங்களூர் போகிறவர்களுக்கு இந்த ஆந்திரச் சட்டம் பொருந்தாது. அந்த மாநில வக்கீலிடம் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

8-ஆம் பிரிவு கம்பெனி: நிஜமான வழி இதற்குத்தான்

கம்பெனிச் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் மாநிலம் விட்டு மாநிலம் போகச் சட்டத்திலேயே பாதை போட்டிருக்கிறார்கள். கம்பெனியின் மெமோராண்டத்தில் (அதன் அடிப்படை ஆவணத்தில்) முகவரி இருக்காது, மாநிலத்தின் பெயர்தான் இருக்கும். அதனால் வேலூரிலிருந்து ராணிப்பேட்டை போனால் மெமோராண்டத்தைத் தொட வேண்டாம். சிறப்புத் தீர்மானமும் ஐஎன்சி-22 படிவமும் போதும். கோயம்புத்தூர் போனால் கம்பெனிப் பதிவாளர் அலுவலகமே மாறுகிறது, மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை மண்டல இயக்குநரின் ஒப்புதல் வேண்டும். சித்தூர் போனால் மாநிலமே மாறுகிறது.

அப்போது 13-ஆம் பிரிவு. சிறப்புத் தீர்மானம் போட்டு, மண்டல இயக்குநரிடம் ஐஎன்சி-23 போட வேண்டும். அலுவலகம் இருக்கும் மாவட்டத்தில் விற்கும் ஒரு தமிழ் நாளிதழிலும், மாநிலத்தில் பரவலாக விற்கும் ஓர் ஆங்கில நாளிதழிலும் விளம்பரம் தர வேண்டும். கம்பெனி பணம் தர வேண்டிய கடன்காரர் ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ். கடன்காரர் என்றதும் வங்கியை மட்டும் நினைக்காதீர்கள், நீங்கள் பாக்கி தர வேண்டிய பிரஸ்காரரும் அதில் சேர்த்திதான். மாநிலத் தலைமைச் செயலாளருக்கு விண்ணப்ப நகல் போக வேண்டும். இந்த மாற்றத்தால் எந்த ஊழியரையும் வேலையை விட்டு நீக்க மாட்டோம் என்று இயக்குநர்கள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். கம்பெனி மீது கம்பெனிச் சட்டத்தின்கீழ் விசாரணையோ குற்ற வழக்கோ நடந்துகொண்டிருந்தால் மாற்றம் கிடைக்காது. இதற்கு மேல், 8-ஆம் பிரிவு கம்பெனி என்பதால் மெமோராண்டத்தில் எதைத் திருத்தினாலும் முன் அனுமதி வேண்டும் என்ற தனி நிபந்தனையும் உண்டு. விண்ணப்பத்தை 60 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆவணம் தயாரிக்கும் நாட்களையும் சேர்த்தால் அதைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பாடுபட்டால் கிடைப்பது என்ன? கம்பெனி அதே கம்பெனி. பான் மாறாது, சொத்துப் பத்திரம் எழுத வேண்டாம், 12ஏ அப்படியே, சிஎஸ்ஆர் அனுபவம் அப்படியே. எப்சிஆர்ஏ இருந்தால் 45 நாளுக்குள் எப்சி-6ஏ படிவத்தில் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். கம்பெனி அடையாள எண்ணில் மாநில எழுத்துகள் மாறும், அதனால் லெட்டர்பேடு முதல் பெயர்ப்பலகை வரை புதிதாக அடிக்க வேண்டியிருக்கும். வயதை இழக்காமல், பதிவையே இன்னொரு மாநிலத்துக்கு முழுமையாக மாற்றிக்கொள்ளும் வழி இது ஒன்றுதான்.

"அப்படியென்றால் சங்கத்தை முதலில் கம்பெனியாக்கி, அப்புறம் நகர்த்தலாமே?" என்ற கேள்வி வரும். 366-ஆம் பிரிவு சங்கத்தையும் கம்பெனியாகப் பதிவுசெய்ய இடம் தருகிறது. ஆனால் பான் எண்ணின் நான்காவது எழுத்து அமைப்பின் வகையைச் சொல்வது. கம்பெனியானால் அது மாற வேண்டும், எனவே புது பான், அதன் பின்னாலேயே புது வரிப் பதிவுகள். அதற்கப்புறம் கம்பெனியாக வாழ்வதும் சும்மா இல்லை. ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் தாமதமானால் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் அபராதம் ஓடிக்கொண்டே இருக்கும். மினிட் புத்தகத்தை ஆடிட்டர் வரும் வாரத்தில் எழுதும் பழக்கமுள்ள சங்கங்களுக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். நல்ல அலுவலகப் பணியாளர்களும் பெரிய பட்ஜெட்டும் உள்ள அமைப்புகள் யோசிக்கலாம்.

கிளை: சாதாரணமானது, ஆனால் வேலை நடக்கும்

தமிழ்நாட்டில் பதிவான சங்கம் ஆந்திராவில் வேலை செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. செயல்பாட்டு எல்லை சரியாக இருந்து, கிளை திறக்கத் தீர்மானமும், அங்கே கையெழுத்துப் போட ஒருவருக்கு அதிகாரமும் கொடுத்தால், பலமநேரில் வங்கிக் கணக்கு தொடங்கி வேலையை ஆரம்பிக்கலாம். வெளிநாட்டுப் பணம் முதலில் எல்லோருக்கும் டெல்லி ஸ்டேட் வங்கியின் நாடாளுமன்ற வீதிக் கிளைக்குத்தான் வரும். அங்கிருந்து செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். அந்தச் செலவுக் கணக்கு வேலூரில் இருந்தாலும் சித்தூரில் இருந்தாலும் ஒன்றே.

குறைகளும் உண்டு. உள்ளூர்ப் பதிவு கேட்கும் அரசுத் திட்டம் ஏதாவது வந்தால் வாய்ப்புப் போகும். இரண்டு அலுவலக வாடகை, இரண்டு கணக்கர் சம்பளம் எல்லாம் நிர்வாகச் செலவு. வெளிநாட்டுப் பணத்தில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பொதுக்குழுவை வேலூரில் கூட்டுவதால் அந்தப் பக்கத்து ஆட்களுக்கு 'நம்முடைய அமைப்பு' என்ற எண்ணம் வர நாளாகும். அதற்கு அங்கிருப்பவர்களை உறுப்பினராகவும் குழுவிலும் சேர்ப்பதுதான் வழி. சேர்த்த பிறகு குழு மாற்றத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய மறக்கக்கூடாது.

உள்ளூர்ப் பதிவு கட்டாயம் வேண்டும் என்றால், பழையதைக் கலைக்காமலே சித்தூரில் ஒரு சகோதர அமைப்பைத் தொடங்கி மூன்று வருடம் வளர விடுங்கள். அதற்கு வயது வரும் வரை பழையதே பெரிய திட்டங்களைச் சுமக்கட்டும். பழையது தன் வருமானத்திலிருந்து புதியதற்கு நன்கொடை கொடுக்கலாம். ஆனால் அதில் 85 சதவீதத்தைத்தான் வரிக் கணக்கில் செலவாக ஏற்பார்கள். வெளிநாட்டுப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது.

எந்த வழியில் போனாலும், பொதுக்குழுவுக்கு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன் நான்கு காகிதங்களை மேஜையில் எடுத்து வையுங்கள்: மூலப் பத்திரம் அல்லது துணைவிதி, கடைசியாகத் தாக்கல் செய்த ஆண்டறிக்கை, எப்சிஆர்ஏ சான்றிதழ், நிலப் பத்திரம். ஆண்டறிக்கை நிலுவை இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பாக்கி இருக்கும் கோப்பை எந்தப் பதிவாளரும் நகர்த்தித் தர மாட்டார். எப்சிஆர்ஏ காலாவதி நெருங்கினால் புதுப்பிப்பு கைக்கு வரும் வரை முகவரியைத் தொடாதீர்கள். புது அலுவலகத்துக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதமும் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட மின் கட்டண ரசீதும் கேட்பார்கள். உரிமையாளர் பெயரும் ரசீதில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.