ஆத்துத் தண்ணியில் சரியான கம்ப்யூட்டரும், நான் அழுத 9,500 ரூபாயும்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுத்து வரும் வீடியோவைப் பகலில் எடிட் செய்துவிட்டு, ராத்திரி பன்னிரண்டு மணி வாக்கில் எக்ஸ்போர்ட் (எடிட் செய்ததை ஒரே வீடியோ ஃபைலாக மாற்றுகிற வேலை) போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் எழுந்தால் வேலை முடிந்திருக்கும். 2021-ல் வாங்கிய டெஸ்க்டாப் மூன்று வருடம் இப்படியே முணுமுணுக்காமல் உழைத்தது.

2024 ஆனி மாதம் தொல்லை ஆரம்பித்தது. காலையில் வந்து பார்த்தால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். எக்ஸ்போர்ட் பாதியில் போயிருக்கும். நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, ராத்திரி எப்போதோ நின்று தானே மறுபடி எழுந்திருக்கிறது. வாரத்தில் நாலு நாள் இப்படி. முகூர்த்த மாசம் வேறு, பெண் வீட்டுக்காரர்கள் போன் போட்டபடியே இருந்தார்கள்.

பக்கத்து டவுனில் ஒரு சர்வீஸ் கடை. பெயர் சொல்லப்போவதில்லை, கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். கடைக்காரர் நன்றாகப் பேசுவார், டீ வாங்கித் தருவார். முதல் தடவை "வைரஸ் தம்பி, ஃபார்மட் அடிச்சாச் சரியாயிடும்" என்றார். 900 ரூபாய். மூன்றாம் ராத்திரி மறுபடி நின்றது. இரண்டாம் தடவை "எஸ்எம்பிஎஸ் வீக்கு" என்று, கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற அந்தப் பெட்டியை மாற்றினார். 2,900. பழையதைக் கேட்டேன், "அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க, குப்பைக்குப் போயிடுச்சு" என்றார். சரி என்று வந்துவிட்டேன். அந்த எஸ்எம்பிஎஸ் ஒரு நல்ல கம்பெனிச் சரக்கு. வாங்கும்போது அதற்கென்று தனியாகக் காசு போட்டவன் நான்தான். அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் தடவைதான் பெரிய வேலை. விண்டோஸ் நடந்ததையெல்லாம் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரைத் திறந்து, 'கெர்னல் பவர் 41' என்று சிவப்புக் குறியோடு வரிசையாக இருந்ததை எனக்குக் காட்டினார். "பாருங்க, கிரிட்டிக்கல்னே போட்டிருக்கு. பவர்னும் போட்டிருக்கு. மதர்போர்டுல பவர் செக்‌ஷன் போச்சு. போர்டைக் கழட்டி சிப் லெவல்ல வேலை பார்க்கணும்." எனக்கு அது எக்ஸ்ரே பிலிமைப் பார்த்த மாதிரி இருந்தது. நாலு நாள் கழித்து 5,700 வாங்கிக்கொண்டு பெட்டியைக் கொடுத்தார். மூன்று தடவையும் பில் இல்லை. "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். ஜிபேயில் அனுப்பினேன்.

அதற்கப்புறம் கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை! ஆவணி முகூர்த்தம் முழுக்க ராத்திரி ராத்திரியாக எக்ஸ்போர்ட் ஓடியது. மழைக்காலத்தில் இரண்டொரு தடவை நின்றது, கரண்ட் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். மனுஷன் கை வைத்தால் கை வைத்ததுதான் என்று பேசித் திரிந்தேன். தொழில் நண்பர்கள் இரண்டு பேரை நானே அந்தக் கடைக்கு அனுப்பி வைத்தேன். இதை எழுத வைத்ததே அந்த வயிற்றெரிச்சல்தான்.

2025 மாசியில் மறுபடி அதே கதை. இந்தத் தடவை கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல், ஒரு பழைய டைரியில் எந்த நாள் எத்தனை மணிக்கு நின்றது என்று எழுத ஆரம்பித்தேன். ஈவென்ட் வியூவரில் நேரம் இருக்கிறது. ஏழு நாளில் ஐந்து நாள் நின்றிருந்தது. ஐந்துமே ராத்திரி 2 மணியை ஒட்டி, ஐந்து பத்து நிமிஷம் முன்னே பின்னே. சூடு ஏறியோ, ரேம் கெட்டோ, வைரஸ் புகுந்தோ நிற்கிற மிஷின் கடிகாரம் பார்த்து நிற்குமா?

பெரியப்பா கடைக்கு வந்திருந்தபோது டைரியைக் காட்டினேன். அவருக்குக் கம்ப்யூட்டர் என்றால் டிவி மாதிரி ஒரு பெட்டி, அவ்வளவுதான். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"என்னாடா இது, நம்ம மோட்டார் போடுற நேரத்தை எழுதி வச்சிருக்கே?"

எங்கள் லைனில் அப்போது ராத்திரி மும்முனை மின்சாரம் வந்தது 2 மணிக்கு. பம்புசெட்டில் எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறார்கள். மும்முனை வந்ததும் யாரும் போய் பட்டனைத் தட்ட வேண்டாம், மோட்டார் தானே கிளம்பும். கிளம்புகிற நொடியில் ஒரு மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். ஒரே டிரான்ஸ்பார்மரில் பத்துப் பதினைந்து மோட்டார் ஒன்றாகக் கிளம்பினால், கடைக்கோடியில் இருக்கிற என் ஸ்டுடியோவில் வோல்டேஜ் என்ன ஆகும்? அன்றைக்கு ராத்திரி மல்டிமீட்டரை ப்ளக்கில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தேன். 218, 216 என்று ஆடிக்கொண்டிருந்தது. 2 மணி 3 நிமிஷத்துக்கு டியூப்லைட் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தது. மீட்டரில் 131 வரை பார்த்தேன். யுபிஎஸ் 'டக்' என்று பேட்டரிக்கு மாறியது. மாறின கையோடு செத்தது. கம்ப்யூட்டரும் கூடவே. சில நொடியில் வோல்டேஜ் 180-க்கு வந்ததும் யுபிஎஸ் எழுந்தது, கம்ப்யூட்டரும் ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து பாஸ்வேர்டு கேட்டது. கரண்ட் வந்தால் தானே ஆன் ஆகும்படி பயாஸில் செட்டிங் இருந்திருக்கிறது.

குற்றவாளி யுபிஎஸ் பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர், நாலு வருஷக் கிழம். ஏன் முன்னாலேயே சந்தேகப்படவில்லை என்றால், பகலில் ப்ளக்கைப் பிடுங்கிப் பார்த்தபோது இரண்டு நிமிஷம் தாங்கியது. அப்போது கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. எக்ஸ்போர்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் சேர்ந்து இழுக்கிற இழுப்பில் அந்தப் பேட்டரி ஒரு நொடிகூட நிற்கவில்லை. யுபிஎஸ்ஸைச் சோதிக்க நினைத்தால் மிஷினுக்கு முழு வேலை கொடுத்துவிட்டுப் பிடுங்குங்கள் (வேண்டாத ஃபைலாகப் பார்த்து). புதுப் பேட்டரி 1,050 ரூபாய். மாட்டி, எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு ப்ளக்கைப் பிடுங்கினேன். எட்டு நிமிஷம் ஓடியது.

அப்படியென்றால் 2024 ஆடியில் எப்படிச் சரியானது? அதுதான் எனக்குத் தூக்கம் போன இடம். வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கிற மேட்டூர் அணையை 2024-ல் தண்ணீர் இல்லாமல் அன்றைக்குத் திறக்கவில்லை. குறுவை போட்டவர்கள் எல்லாம் போர் தண்ணீரை நம்பித்தான் போட்டார்கள், மோட்டார் ஓயவில்லை. ஜூலை 28-ல் அணை திறந்தது. ஆடி முடிவதற்குள் எங்கள் பக்கத்து மூணாறு தலைப்பு மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றிலும் பிரிந்து எங்கள் வாய்க்காலுக்கும் தண்ணீர் வந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தினார்கள். என் கம்ப்யூட்டர் நிற்பதும் நின்றது. கடைக்காரர் 5,700 வாங்கியது அந்த வாரம். வழக்கம்போல ஜனவரி 28-க்கு மேல் ஆற்றில் தண்ணீர் வராது. கோடை நெல்லுக்கு மாசியில் மறுபடி மோட்டார், மறுபடி என் தலைவலி. என் மிஷினைச் சரிசெய்தது மேட்டூர் தண்ணீர். கூலி வாங்கியது அவர்.

இதுவரைகூடத் தெரியாமல் செய்தார் என்று சொல்லலாம். பகலில் அவர் கடையில் ஓட்டிப் பார்த்தால் நிற்காதுதானே. ஆனால் பேட்டரி மாற்றிய கையோடு தூசி தட்டலாம் என்று பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். மதர்போர்டின் கீழ் மூலையில், திருகின் மேலேயே, கட்டை விரல் அளவுக்கு ஒரு குளவிக்கூடு. காய்ந்த களிமண், பாதி போர்டிலும் பாதி தகரத்திலுமாக ஒட்டியிருந்தது. அந்தக் கூடு எனக்கு முன்பே தெரிந்ததுதான். 2023-ல் துடைக்கும்போதே பார்த்து, குளவி கொட்டப் பயந்து விட்டுவைத்தேன். ஒரு விரிசல் இல்லை. அந்தத் திருகைத் தொடாமல் போர்டை எப்படிக் கழற்றி, சிப் லெவலில் வேலை பார்த்து, திருப்பி மாட்டுவது?

சந்தேகம் வந்ததும் சிபியு-இசட் என்கிற இலவச சாப்ட்வேரைப் போட்டு ரேமைப் பார்த்தேன். 16 ஜிபி, கணக்குச் சரிதான். ஆனால் நான் வாங்கியது 3200 வேகம், இப்போது இருப்பது 2400. அந்த சாப்ட்வேரில் மெமரி பக்கத்தில் 1600 என்று வர வேண்டியது 1200 என்று வந்தது. அதில் வேகத்தைப் பாதியாகத்தான் காட்டும். எஸ்பிடி என்ற பக்கத்தில் தயாரித்த வாரமும் வருடமும் வரும். வாரம் 31, வருடம் 17. 2021-ல் சீல் உடைத்து வாங்கிய ரேம் 2017-ல் பிறந்திருக்கிறது! நல்லவேளை, நான் கேமராக்காரன். 2023-ல் துடைக்கும்போது ரேம் ஸ்டிக்கரையும் ஒரு கிளிக் எடுத்து வைத்திருந்தேன். சீரியல் நம்பர் ஒத்துப்போகவில்லை.

நேரில் போனேன். "ஏண்ணே, குளவிக்கூடு அப்படியே இருக்கு, போர்டை எப்படிக் கழட்டுனீங்க?"

"அது... சைடு வழியா எடுத்துட்டோம் தம்பி."

சைடு வழியாக! ரேம் போட்டோவைக் காட்டியதும், "நீங்க கொண்டாந்தப்ப இதுதான் இருந்துச்சு" என்று குரலை உயர்த்தினார். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு 3,000 ரூபாயை ஜிபேயில் திருப்பி அனுப்பினார். என் ரேமும் திரும்பி வரவில்லை, எஸ்எம்பிஎஸ்ஸும் வரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடைமுறை. அது அப்போது எனக்குத் தெரியாது. ஜிபே கணக்கு பணம் போனதைக் காட்டுகிறது, எதற்குப் போனது என்று காட்டவில்லை. அனுப்பும்போது குறிப்பில் 'மதர்போர்டு சர்வீஸ்' என்று இரண்டு வார்த்தை போட்டிருந்தாலாவது கையில் ஏதாவது இருந்திருக்கும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு. 5 லட்சம் வரை கொடுத்த பணத்துக்குக் கட்டணமும் கிடையாது. போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த 41-ஐப் பற்றி ஒன்று. அது நோயின் பெயர் இல்லை. 'முறையாக ஷட்டவுன் ஆகாமல் நின்றுபோனேன்' என்று விண்டோஸ் மறுபடி எழுந்ததும் எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவுதான். கரண்ட் போனாலும் 41 வரும், நீலத் திரை வந்தாலும் 41 வரும். அதன் விவரத்தில் பக்செக் கோடு (நீலத் திரைப் பிழையின் எண்) பூஜ்யமாக இருந்து, விண்டோஸ் ஃபோல்டரில் மினிடம்ப் (நீலத் திரை வந்தால் அதன் பதிவு சேருகிற இடம்) காலியாக இருந்தால், போர்டைக் கழற்றுவதற்கு முன்னால் சுவரில் இருக்கிற ப்ளக்கையும் யுபிஎஸ்ஸையும் பாருங்கள். என்னுடையதில் இரண்டும் அப்படித்தான் இருந்தன. கடைக்காரரும் அதே திரையைத்தான் பார்த்தார். இனி பெட்டியை வெளியே கொடுப்பதாக இருந்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஸ்டிக்கரையும் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுப்பேன். கோபப்படுகிறவர் கோபப்படட்டும்.

நான் அனுப்பிய இரண்டு நண்பர்களில் ஒருவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கீபோர்டுதான் வாங்கினாராம். வலங்கைமான் நண்பருடைய பெட்டி பத்து நாளாக அங்கே கிடக்கிறது. மதர்போர்டு போச்சு என்று சொல்லியிருக்கிறார்களாம். நாளைக் காலை பத்து மணிக்கு இரண்டு பேரும் போகிறோம்.