ஓஷினன்சே ஏரி: போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம்

ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்த அம்மாவுக்கு 71 வயது. இடது முழங்காலில் நோ. "மலை ஏறச் சொல்லாதே, மலையைக் காட்டு" என்பதுதான் அவர் நிபந்தனை. சுவிட்சர்லாந்தின் பேர்ணில் இருக்கும் நாங்கள் அதற்குத் தெரிவுசெய்த இடம் கண்டர்ஸ்டெக் என்ற மலைக் கிராமத்துக்கு மேலே உள்ள ஓஷினன்சே ஏரி. கேபிள் காரும் ஏரி வரையிலான நடையும் வயதானவர்களுக்குச் சரிவருமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சரிவரும். ஆனால் திட்டத்தைத் திரும்பி வரும் நேரத்திலிருந்து போடவேண்டும்.

முதலில் ரயில். பேர்ணிலிருந்து நேராகக் கண்டர்ஸ்டெக் போகும் ரீஜியோ எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். வேகமாகப் போகிறதே என்று இன்டர்சிட்டியில் ஏறினால் ஸ்பீட்ஸில் இறங்கி மாறவேண்டும். மாற மறந்தால் அது 2007இல் திறந்த 34 கிலோமீற்றர் நீளமான அடிச்சுரங்கத்துக்குள் புகுந்து, மலைக்கு அந்தப் பக்கம் விஸ்பில்தான் கொண்டுபோய் விடும். என் அத்தான் குடும்பத்தோடு அப்படியொரு சுற்றுலா போனவர். ஏரியைக் காணாமலே வீடு திரும்பினார்கள்.

கண்டர்ஸ்டெக் நிலையத்திலிருந்து கேபிள் கார் வரை ஊருக்குள்ளால் கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடிய நடை. அம்மாவின் காலுக்கு அங்கேயே செலவு வைக்கவேண்டாம் என்று பஸ்ஸைப் பிடித்தோம். கேபிள் கார் பெட்டி நிலையத்துக்குள் முழுதாக நிற்பதில்லை, ஊர்ந்துகொண்டே இருக்கும். அம்மா சேலைக் கரையைப் பிடித்தபடி தயங்கி நிற்பதைக் கண்டதும் அங்கே வேலைசெய்த பெடியன் ஓட்டத்தை இன்னும் குறைத்து, கையை நீட்டி ஏற்றிவிட்டான். நான் கேட்கவில்லை. இந்தச் சேவைக்கு என் முழுப் புள்ளியும் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

மேல் நிலையம் ஏறக்குறைய 1,680 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஏரி 1,578 மீற்றரில். இந்த இரண்டு எண்களையும் கழித்துப் பார்க்காமல் புறப்படுபவர்கள்தான் பின்னேரம் வழிநெடுகக் குந்தியிருந்து மூச்சு வாங்குகிறார்கள். போகும்போது நூறு மீற்றர் இறக்கம், பேச்சும் சிரிப்புமாகப் போய்விடலாம். அதே நூறு மீற்றரை, சாப்பிட்ட வயிற்றோடு, களைத்த காலோடு ஏறவேண்டும் என்பதை "இலகுவான நடை" என்ற சொல் சொல்லுவதில்லை.

பாதை அகலமானது, பிள்ளை வண்டி தள்ளலாம். மஞ்சள் கைகாட்டிகளில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீற்றர் என்ற சுவிஸ்காரக் கணக்கு அது. ஆறுதலாக நிற்கும் நேரம் அதில் சேராது. அரை மணிக்கும் குறைவான நடை எங்களுக்கு ஐம்பது நிமிடம் எடுத்தது. மாடுகளின் கழுத்து மணியைக் கேட்டு அம்மா நின்ற நேரம் வேறு. வெள்ளை-சிவப்பு-வெள்ளை அடையாளமிட்ட பாதைகள் மலைநடைக்கானவை. ஹோய்பேர்க் பக்கமாக மேலே சுற்றிப் போகும் அந்தப் பாதையில்தான் நல்ல படங்கள் கிடைக்கும், உண்மை. அம்மாவோடு போகிறவர்கள் அதைப் பார்க்காததுபோல் கடந்துவிடுங்கள். தெற்குக் கரைக்கு மேலே ஷ்பிட்சர் ஷ்டைன் என்ற பாறைப்பகுதி சரிந்துகொண்டிருப்பதால் அந்தப் பக்கம் சில வழிகளை மூடியிருக்கிறார்கள். பலகை கண்டால் திரும்புங்கள், எட்டிப் பார்க்க நினைக்காதீர்கள்.

ஏரியைப் பற்றி நான் என்ன சொல்ல? முன்னொருமுறை மே மாதத் தொடக்கத்தில் அவசரப்பட்டு வந்து வெள்ளை ஐஸ்தான் பார்த்தேன். இம்முறை ஓகஸ்ட், நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு நிறம். புளூம்லிசால்ப் மலையின் பனி நேரே எதிரில். அம்மா தண்ணீரில் விரலை வைத்து எடுத்துவிட்டு, "ஆறு வெளியே போகும் வழியைக் காணவில்லையே, இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது?" என்று கேட்டார். நாலு முறை வந்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. மலைச்சரிவு அடைத்து உண்டான ஏரி இது. தண்ணீர் அந்தச் சரிவுக் கற்களுக்குக் கீழால் நிலத்தடியில் போய்ப் பிறகு வெளிப்படுகிறது. சொன்னதும், "அப்படியென்றால் எங்கள் நிலாவரைக் கிணறுதான்" என்றார். யாழ்ப்பாணத்தில் புத்தூருக்குப் பக்கத்தில் உள்ள, நிலத்தடியால் தண்ணீர் ஓடுவதாகச் சொல்லும் ஆழக் கிணறு அது. இந்த ஏரி உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருப்பதெல்லாம் புத்தூர்க்காரிக்கு அதற்குப் பிறகுதான்.

சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். நாங்கள் பாண், சீனிச்சம்பல், அவித்த முட்டை, ஃபிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீ. இருந்தும் ஆசைக்கு ஓர் உணவகத்தில் தேநீர் கேட்டோம். கண்ணாடிக் கிளாஸில் சுடுதண்ணீர், பக்கத்தில் ஒரு தேயிலைப் பை, பாலுக்குப் பதில் கோப்பிக்கு விடும் சின்னக் கிரீம் டப்பா. அம்மா பையைத் தோய்த்தார், பார்த்தார், மறுபடி தோய்த்தார். கடைசியில் அந்தச் சுடுதண்ணீரில் ஃபிளாஸ்க் மூடியைக் கழுவிவிட்டு எங்கள் பிளேன்டீயை ஊற்றிக் குடித்தார்.

திரும்பும் ஏற்றத்துக்கு, ஏரிக்கும் மேல் நிலையத்துக்கும் இடையே ஓடும் சிறிய மின்சார வண்டியில் அம்மாவை ஏற்றினேன். கட்டணம் தனி, இருக்கைகள் கொஞ்சம். ஆகவே ஏரிக்கரையில் இறங்கியதும் முதல் வேலையாக அதை விசாரித்து வையுங்கள். கடைசிக் கேபிள் கார் நேரத்தையும் மேலே பார்த்துவிட்டு இறங்குங்கள். தவறவிட்டால் கண்டர்ஸ்டெக் வரை செங்குத்தான வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறங்கவேண்டும்.

ஒரே மனக்குறை சப்பாத்து. நகரத்துக் கடையொன்றில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்க்காமலே "இது அளவுதான்" என்று அம்மாவுக்கு விற்றுவிட்டார்கள். இறக்கத்தில் விரல்கள் முன்னுக்குப் போய் இடித்து, பெருவிரல் நகம் கறுத்துவிட்டது. திங்கட்கிழமை மாற்றக் கொண்டுபோனேன். அடியில் மண் ஒட்டியிருக்கிறதாம், மாற்ற முடியாதாம்.