தென்னந்தோப்புக்குள் ஒரு டிஷ்: டிடி ஃப்ரீ டிஷ்ஷுடன் ஏழு ஆண்டுகள்

பொள்ளாச்சிக்குக் கிழக்கே தோப்புக்குள் இருக்கும் எங்கள் தோட்டத்துச் சாளைக்குக் கேபிள் இணைப்பு ஒருபோதும் வந்ததில்லை. தார்ச்சாலையிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒற்றை வீட்டுக்காக வயர் இழுக்க யாரும் முன்வரவில்லை. அதனால் 2019 தை மாதத்தில் தூர்தர்ஷனின் இலவச சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷை அமைத்தோம். 60 செ.மீ. டிஷ், அது குவிக்கும் அலையை வாங்கும் எல்.என்.பி. என்ற சிறு கருவி, செட்டாப் பாக்ஸ், வயர் எல்லாம் சேர்த்து அன்று 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. அதன்பின் மாதக் கட்டணம் என்று ஒரு ரூபாயும் கொடுத்ததில்லை. தோப்பிலும் காட்டிலும் குடியிருப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இந்த ஏழு ஆண்டு அனுபவத்தை எழுதுகிறேன்.

அப்பா காலத்தில் தூர்தர்ஷனின் கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கி, ஓட்டுக் கூரைக்கு மேல் இருபது அடிக் குழாயில் ஆண்டெனா நின்றது. தரைவழியாக வரும் அலைக்கு உயரம் தேவை. குறுக்கே மரமும் மேடும் இருந்தால் படத்தில் புள்ளி விழும். அந்தப் பழைய அனலாக் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாக நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றாக வந்த தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு சென்னை போன்ற சில பெருநகரங்களுக்கே கிடைத்தது. கொங்குப் பகுதிக்கு வரவில்லை. ஆகவே, ஜன்னலில் ஒட்டினால் டிஜிட்டல் சேனல்கள் வரும் என்று இணையக் கடைகளில் விற்கும் தட்டையான ஆண்டெனாவை இங்கே வாங்குவது வீண் செலவு. எங்கள் உறவினர் ஒருவர் வாங்கி, ஒரு சேனலும் வராமல் திருப்பி அனுப்பினார்.

டிஷ் வேறு வகையான ஆண்டெனா என்பதை நான் மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்பும், 2015 நவம்பரில் ஏவப்பட்ட ஜிசாட்-15 செயற்கைக்கோள், நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் அது வடக்கிலிருந்து வலமாக 122 பாகையில், அதாவது தென்கிழக்கில், தரையிலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் இருக்கும். கொடைக்கானலுக்கு ஆண்டெனாவைத் திருப்பி வைத்த திசையும் ஏறத்தாழ இதுவே. அப்போது அடிவானத்தைப் பார்த்தோம், இப்போது ஏறக்குறைய உச்சி வானத்தைப் பார்க்கிறோம். இவ்வளவு நிமிர்ந்து பார்ப்பதால் டிஷ்ஷுக்கு உயரம் தேவையில்லை. கூரைமேல் ஏற்றாமல் வாசலில் நான்கடிக் குழாயில் நிறுத்தினாலே போதும். டிஷ்ஷைவிட 40 அடி கூடுதல் உயரமுள்ள தென்னை, செயற்கைக்கோள் நிற்கும் திசையில் 17 அடிக்கு அப்பால் இருந்தால் அதன் உச்சி பாதையில் குறுக்கிடாது. ஆனால் மட்டை பக்கவாட்டில் பதினைந்து அடிக்கும் மேல் விரிவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதால், 35 அடி இடைவெளி விட்டுத்தான் குழாயை ஊன்றினேன்.

முதன்முறை பொருத்த வந்தவர் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பரவலாக நடக்கிறது. செட்டாப் பாக்ஸின் சிக்னல் பக்கத்தில் வலு, தரம் என்று இரண்டு அளவுகள் இருக்கும். அவர் வலு 80-ஐத் தொட்டதும் திருகுகளை இறுக்கிவிட்டுப் புறப்பட்டார். வலு என்பது எல்.என்.பி.யிலிருந்து ஏதோ ஒன்று பாக்ஸுக்கு வந்து சேர்கிறது என்பதை மட்டுமே காட்டும். தவறான செயற்கைக்கோளை நோக்கினாலும் அது உயர்ந்தே இருக்கும். நாம் பார்க்க வேண்டியது தரத்தை. எங்கள் வீட்டில் அது 45-இல் நின்றது. வெயில் நாளில் படம் வந்தது, மேகம் கூடினால் கட்டம் கட்டமாக உடைந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பில் புள்ளி விழுந்த மங்கலான படம் என்ற நடுநிலை இல்லாததால், விளிம்பில் நிற்கிறோம் என்பது மழை வரும்வரை தெரிவதில்லை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "தரம் ஏறுதுங்களா, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு, விரல் நகம் அளவு அளவாக நகர்த்தி அதை 72-க்குக் கொண்டுவந்தார். 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் ஏறத்தாழ 3 பாகைதான். ஒரு பாகை விலகினாலும் இழப்பு தெரியும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் சில வினாடி காத்திருக்க வேண்டும், ஏனெனில் பாக்ஸ் அளவைத் தாமதமாகவே காட்டும்.

திசை சரியான பின்னும் எல்.என்.பி.யை அதன் பிடியிலேயே மெல்லத் திருப்பிப் பார்ப்பது அவசியம். தெற்கே வரவர இந்தத் திருப்பம் கூடும். டெல்லியில் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு நமக்குத் தேவைப்படுகிறது. வடநாட்டு விளக்கப் படங்களைப் பார்த்து அப்படியே வைத்தால் தரம் குறைந்தே நிற்கும். எங்களுக்கு இதில் மட்டுமே ஆறு புள்ளிகள் கூடின.

அடுத்த எதிரி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்று டிஷ்ஷின் முதுகில் அடிக்கிறது. முதல் ஆண்டு ஆடியில் வாரம் ஒருமுறை படம் போனது. சிமெண்டில் ஒன்றரை அடி ஆழம் புதைத்த குழாய் அசையவில்லை. குழாயைப் பிடித்திருந்த கிளாம்ப்தான் வழுக்கித் திரும்பியது. மெல்லிய தகரக் கிளாம்பை எடுத்துவிட்டுக் கனமான யு போல்ட் இரண்டு போட்டு, திசை சரியாக இருந்த நிலையில் குழாயிலும் கிளாம்பிலும் சேர்த்துப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தேன். இப்போது காற்றுக்குப் பின் அந்தக் கோடு பொருந்துகிறதா என்று பார்த்தாலே போதும்.

வயரைப் பொறுத்தவரை நல்ல ஆர்ஜி-6 வயரும், எல்.என்.பி. முனையில் சுற்றிய ரப்பர் டேப்பும் போதுமானவை. இணைப்புக்குக் கீழே வயரைச் சற்றுத் தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். நான் முதலில் அப்படிச் செய்யாததால், ஐப்பசி மழையில் நீர் உள்ளே இறங்கிச் செம்பு நரம்பு பச்சை பூத்துவிட்டது. இடி இறங்கும் சித்திரை, ஐப்பசி மாதங்களில் பாக்ஸிலிருந்து வயரைக் கழற்றி வைப்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டது.

கனமழையில் படம் போவதை முற்றிலும் தவிர்க்க முடியாது. இந்த அலைவரிசையை மழைத்துளிகள் விழுங்கிவிடும். 2022-இல் 90 செ.மீ. டிஷ்ஷுக்கு மாறினேன். பரப்பு இரண்டேகால் மடங்கு என்பதால், முன்பு அரை மணி நேரம் போன படம் இப்போது ஐந்தாறு நிமிடம்தான் போகிறது. பெரிய டிஷ்ஷின் பார்வை இன்னும் குறுகியது என்பதால் பொருத்துவதில் பொறுமையும், காற்றைத் தாங்கத் தடித்த குழாயும் வேண்டும். தோப்பு வீட்டுக்கு இந்தக் கூடுதல் செலவை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

சேனல்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தமிழுக்கு, 2024-இல் பொதிகை என்ற பெயர் மாறி வந்த டிடி தமிழ்தான் முதன்மை; பெரும்பாலான இடத்தை இந்தி சேனல்கள் பிடித்திருப்பது உண்மையான குறை. கல்விச் சேனல்கள் என் மகளுக்குப் பயன்பட்டன. எம்பெக்-4 என்ற, படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறையைப் படிக்கும் பாக்ஸ் இல்லாவிட்டால் சில சேனல்கள் தெரியாது என்பதைக் கவனித்து வாங்க வேண்டும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள், காலை 11 மணியை ஒட்டிச் சில நிமிடங்களுக்குப் படம் மறையும். சூரியன் அப்போது செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதே காரணம்; பழுது என்று எண்ணி டிஷ்ஷைத் தொடக் கூடாது. அந்த நிமிடங்களை நான் வேறொன்றுக்குப் பயன்படுத்துகிறேன். அப்போது டிஷ்ஷின்மேல் ஓலை நிழல் விழுந்தால், அந்த ஓலைதான் அலையின் பாதையில் நிற்கிறது என்று பொருள். சென்ற மார்ச் 15 அன்று 11.15 மணிக்குப் பார்த்தபோது, நாங்கள் டிஷ் வைத்த ஆண்டில் நட்ட தென்னையின் மட்டை நுனி நிழல் டிஷ்ஷின் மேல் விளிம்பைத் தொட்டிருந்தது. மட்டையை வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை. மேல்காற்று தொடங்குவதற்குள் குழாயைப் பத்தடி மேற்கே தள்ளி ஊன்றக் குழி தோண்டி வைத்திருக்கிறேன்.