குறைமாதக் குழந்தைகளுக்கான இசை சிகிச்சை: ஒரு தாயின் மதிப்பீடு

30ஆவது வாரத்திலேயே பிறந்துவிட்ட எங்கள் மகள், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஆறு வாரங்களும், வாரத்துக்கு இரண்டு முறை இசை சிகிச்சையாளர் ஒருவர் வந்து போனார். ஸ்பீக்கரில் மெல்லிசை ஒலிக்கவிடுவார்கள் என்றே நான் நினைத்திருந்தேன். முதல் நாள் அவர் பாடவே இல்லை. இன்குபேட்டர் அருகில் நின்று, குழந்தையின் மூச்சையும் மானிட்டரையும் வெகுநேரம் கவனித்தவர், எங்கள் வீட்டில் அடிக்கடி பாடப்படும் பாட்டு எது என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அடுத்த முறை, அந்தப் பாட்டின் மெட்டைச் சொற்கள் இல்லாமல், அவளுடைய மூச்சின் போக்குக்கு ஏற்ப மெதுவாக்கி முணுமுணுக்க எனக்குக் கற்றுத் தந்தார். அவள் நெற்றியைச் சுருக்கினாலோ, விரல்களை விறைப்பாக விரித்தாலோ, ஆக்சிஜன் அளவு இறங்கினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும் என்பதைப் பாட்டைவிட அதிக அக்கறையோடு சொல்லிக்கொடுத்தார். இந்தச் சேவையில் நான் பெற்றவற்றுள் மிகவும் பயனுள்ளது அதுதான். ஊசிகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே அவள் முகக்குறிப்பைப் படிக்க எனக்கு அதற்குமுன் தெரியாது.

நான் முணுமுணுக்கும்போது அவளுடைய இதயத்துடிப்பு பலமுறை சீராகக் குறைந்தது. ஆனால் அப்போது அவள் என் நெஞ்சின்மேல் படுத்திருந்தாள் என்பதால், அது பாட்டால் வந்ததா, அணைப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இயலாது. அமெரிக்காவில் 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, நேரடித் தாலாட்டு இதயத்துடிப்பைத் தணிப்பதாகச் சொல்கிறது. ஐந்து நாடுகளில் நடந்து 2023இல் வெளியான இன்னோர் ஆய்வோ, பெற்றோருக்கும் குழந்தைக்கும் உள்ள பிணைப்பில் வேறுபாடு எதையும் காணவில்லை. ஆகவே இதை மருந்தாக எண்ணிச் செல்வோர் ஏமாறக்கூடும்.

குறை ஒன்றும் உண்டு. சிகிச்சையாளர் வராத நாட்களில், பதிவு செய்த இசையை இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டு ஊழியர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். மூடிய பெட்டிக்குள் ஒலி எதிரொலித்துக் கூடும். அந்தப் பிரிவுகளில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997லேயே பரிந்துரைத்திருக்கிறது. நான் இருமுறை சொன்ன பிறகே அது நின்றது.

குழந்தையைப் பார்த்துப் பாடும் ஆள் இருந்தால் தயங்காமல் கேட்டுப் பெறலாம். கருவியை மட்டும் வைத்துவிட்டு அதற்கு இசை சிகிச்சை என்று பெயரிடும் இடமானால், அந்த நேரத்தைக் குழந்தையை நெஞ்சோடு அணைத்திருப்பதற்குக் கேட்டு வாங்கிக்கொள்வதே மேல்.