ஸ்கைடைவிங் கற்க முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்: என் 2,980 டாலர் போன கதை

வங்கி இன்று மாலை கையை விரித்துவிட்டது. "பணத்தை நீங்களே அனுப்பியிருக்கிறீர்கள், யாரும் திருடவில்லை" என்கிறார்கள். 2,980 டாலர். கோபம் ஆறிவிட்டால் வெட்கம் வந்து எழுதவிடாது என்பதால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். நல்ல பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பயிற்றுநரின் வயிற்றோடு கட்டப்பட்டு 13,000 அடி உயரத்தில் விமானத்திலிருந்து குதித்தேன். மூட்டை போலத் தொங்கிக்கொண்டு வந்தேன் என்பதுதான் சரி. அன்றிலிருந்தே தனியாகக் குதிக்க வேண்டும் என்று ஓர் அரிப்பு. அதற்கு ஆக்சிலரேட்டட் ஃப்ரீஃபால், சுருக்கமாக ஏ.எஃப்.எஃப், என்ற பயிற்சி இருக்கிறது. முதலில் தரையில் ஒரு நாள் வகுப்பு. பிறகு ஏழு நிலைகள். தொடக்கத்தில் இரண்டு பயிற்றுநர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்கள், பிறகு ஒருவர் மட்டும். ஆனால் முதல் குதிப்பிலேயே பாராசூட்டைத் திறப்பதும் அதைத் திருப்பி இறக்குவதும் நம் வேலை. ஏழு நிலைகளையும் தாண்டினால் தனிக்குதிப்பு. மொத்தம் 25 குதிப்புகளும் தேர்வும் முடிந்தால் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் 'ஏ' உரிமம்.

நான் மாட்டிக்கொண்டது ஓர் இடைத்தரகு இணையதளத்தில். வான்குதிப்பு, பலூன் பயணம் என்று சீட்டு விற்பவர்கள். பக்கத்தின் தலையில் எங்கள் ஊர்ப் பெயர், கீழே விமானத்தின் படம், சிரிக்கும் பயிற்றுநர்கள். பள்ளியே இதுதான் என்று நினைத்துவிட்டேன். அவர்களிடம் விமானமும் கிடையாது, பாராசூட்டும் கிடையாது, இறங்குவதற்கு ஒரு காணி நிலம்கூடக் கிடையாது.

ஏமாந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் பேசிய ஆள் விலையைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். "நல்லது, பயமில்லாதவனுக்கு நான் கற்றுக்கொடுப்பதில்லை" என்றான். பிறகு தரையில் குப்புறப் படுக்கச் சொன்னான். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு வரவேற்பறைக் கம்பளத்தில் படுத்தேன். இடுப்பைத் தரையில் அழுத்து, நெஞ்சைத் தூக்கு, முகத்தை நிமிர்த்து, கைகளை விரி, முழங்காலைக் கொஞ்சம் மடக்கு. வில்லாக வளைந்தால் காற்றே உன்னை நேராக வைத்துக்கொள்ளும், வளையாவிட்டால் புரட்டிவிடும் என்று விளக்கினான். இருபது நிமிடம் இப்படிப் போனது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பல்லி விழுந்தது போல இருக்கிறது" என்றாள். அந்தக் கம்பளத்திலேயே அவனை நம்பிவிட்டேன். பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை பிடித்திருப்பேன். அவன் சொன்னது அத்தனையும் உண்மை, அதுதான் வயிற்றெரிச்சல்.

என் எடை 108 கிலோ என்றேன். ஒன்றும் பிரச்சினையில்லை என்றான். கார்டில் கட்டினால் 3,180, வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பினால் 200 டாலர் தள்ளுபடி. அனுப்பினேன். 200 டாலர் மிச்சம் பிடித்த கெட்டிக்காரன் நான்.

பத்து நாளில் ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே, காட்டினால் பயிற்சி தருவார்கள் என்ற பளபளப்பான சான்றிதழ், ஒரு டி-சட்டை. இரண்டு முறை "காற்று சரியில்லை" என்று தேதியைத் தள்ளினார்கள். புதிய மாணவர்களைப் பலத்த காற்றில் குதிக்க விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அதனால் இதையும் நம்பினேன்.

போன சனிக்கிழமை இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி, சான்றிதழில் இருந்த முகவரிக்குப் போனேன். அது நிஜமான குதிதளம். மேசையிலிருந்த பெண்மணி சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களுக்கும் இவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எங்கள் படத்தைத் திருடிப் போட்டிருக்கிறார்கள் என்றார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சான்றிதழ் செல்லுபடியானாலும் எங்கள் மாணவர் எடை வரம்பு 104 கிலோ என்றார்.

என் முகம் போன போக்கைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க வேண்டும். பாராசூட் மடிக்கும் கூடத்துக்குக் கூட்டிப் போனார். ஒரு பையின் உறையிலிருந்து சின்ன அட்டையை உருவிக் காட்டினார். ரிசர்வ் பாராசூட்டை, அதாவது முதல் பாராசூட் சரியாகத் திறக்காவிட்டால் கைகொடுக்கும் இரண்டாவதை, மடித்த தேதி, மடித்தவரின் கையெழுத்து. 180 நாளுக்கு ஒருமுறை உரிமம் பெற்றவர் பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். மூடிய இடத்தில் மெல்லிய சிவப்பு நூல், அதன் நுனியில் ஓர் ஈய முத்திரை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். வெளியே நாலைந்து மாணவர்கள் சக்கரப் பலகையில் குப்புறப் படுத்து, நான் கம்பளத்தில் வளைந்தது போலவே வளைந்துகொண்டிருந்தார்கள்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்தே அந்த இணையதளக்காரர்களை அழைத்தேன். முதலில் எடுத்தவர் உங்கள் சான்றிதழ் வேறு கிளைக்கு உரியது என்றார். அந்தக் கிளை அரிசோனாவில். போகிறேன், தேதி கொடுங்கள் என்றால் மாற்றுக் கட்டணம் 350 டாலர். 2,980 டாலர் கொடுத்தவனிடம் இன்னும் 350! பணத்தைத் திருப்பிக் கொடு என்றதும் வேறு துறைக்கு மாற்றுகிறேன் என்றார்கள், இசை வந்தது, நாற்பது நிமிடம் கழித்துத் துண்டித்துவிட்டது. திங்கட்கிழமை மின்னஞ்சலில், சான்றிதழ் "அனுபவத்துக்கானது, பணத்துக்கானது அல்ல" என்று பதில். செவ்வாயன்று அரட்டைப் பெட்டியில், "உங்கள் பொறுமைக்கு நன்றி." எனக்கு எங்கே பொறுமை இருந்தது? கம்பளத்தில் படுக்க வைத்தவனைக் கேட்டேன். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லையாம். புதன்கிழமையிலிருந்து தொலைபேசியை எடுப்பதே இல்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். மணி ஒன்றாகிவிட்டது, தோன்றுவதைச் சொல்கிறேன். குதிதளத்தின் எண்ணைப் பாராசூட் சங்கத்தின் பட்டியலிலிருந்து எடுத்து, தளத்துக்கே அழையுங்கள். பணம் பேசுவதற்கு முன் எடை வரம்பைக் கேளுங்கள். ஒருமுறை நேரில் போய் அந்தச் சின்ன அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல இடத்தில் முகம் சுளிக்கமாட்டார்கள். 25 குதிப்புக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்டாதீர்கள். கடன் அட்டையில் மட்டும் கட்டுங்கள், அதிலாவது தகராறு எழுப்ப வழி இருக்கிறது. தள்ளுபடி என்று எவனாவது வங்கிக் கணக்கைக் காட்டினால் அந்த நிமிடமே தொலைபேசியை வைத்துவிடுங்கள்.

கலிஃபோர்னியா தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தில் புகார் பதிந்துவிட்டேன். இதே போன்ற அட்டைப்பெட்டி உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால் நீங்களும் பதியுங்கள். டி-சட்டை என் அளவுகூட இல்லை.