வைக்கோலிலிருந்து ஹைட்ரஜன்: எந்த நுண்ணுயிரிடம் கொடுப்பது?

வைக்கோல், சோளத்தட்டை, கரும்புச் சக்கை எதுவானாலும் முதல் முட்டுக்கட்டை லிக்னின். குளுக்கோஸ் சர்க்கரை கோத்த சங்கிலியான செல்லுலோஸைச் சுற்றி இறுகியிருக்கும் அதை நீராவியோ அமிலமோ காரமோ கொண்டு தளர்த்த வேண்டும். அமிலமும் சூடும் மிஞ்சினால் ஃபர்ஃபுரால் என்ற நச்சு உருவாகி பாக்டீரியாவையே முடக்கும். இந்தப் பாடு எல்லா வழிக்கும் உண்டு. போட்டி அப்புறம்தான்.

முதல் வழி இருள் நொதித்தல்: வெளிச்சமோ காற்றோ இல்லாமல் பாக்டீரியா சர்க்கரையைச் சிதைத்து ஹைட்ரஜன் தருவது. இதில் வேலைக்காரர்கள் கிளாஸ்ட்ரிடியம் வகை பாக்டீரியாக்கள். வெளிச்சம் வேண்டாம், மூடிய தொட்டி போதும், வேகமும் அதிகம். தொட்டியில் முதலில் இடும் நுண்ணுயிர் விதைக்கலவை செய்வதும் எளிது: சாண எரிவாயுக் கலனின் கசடைச் சூடாக்கினால் ஹைட்ரஜனைத் தின்னும் மீத்தேன் நுண்ணுயிர்கள் மடியும், கிளாஸ்ட்ரிடியத்தின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். ஆனால் விளைச்சல் இடிக்கிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, தண்ணீரின் பங்கையும் சேர்த்து, ஏட்டுக் கணக்கில் 12 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வரலாம். இந்த வழியில் உச்சம் 4. பியூட்டிரிக் அமிலப் பாதைக்குப் போனால் 2. மீதி ஆற்றல் அமிலங்களாகத் தொட்டியிலேயே தங்கிவிடும். வரும் வாயுவிலும் கார்பன் டைஆக்சைடு கலந்திருக்கும், அதைப் பிரிப்பது தனிச் செலவு.

அந்த அமிலங்களை ரோடோபாக்டர் போன்ற, வெளிச்சத்தில் இயங்கும் பாக்டீரியாக்களுக்குக் கொடுத்தால் மிச்சத்தையும் கறந்துவிடலாம் என்பார்கள். கணக்கில் பொருத்தம் அருமை. நடைமுறையில் கலங்கிய கழிவுநீருக்குள் வெளிச்சம் இறங்காது. அம்மோனியம் சேர்ந்தால் ஹைட்ரஜன் தரும் நைட்ரோஜினேஸ் நொதி நின்றுவிடும். பரப்பளவும் நிறைய வேண்டும். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு.

நுண்ணுயிர் மின்பகுப்புக் கலன் இன்னொரு வழி: பாக்டீரியா கழிவைத் தின்று மின்முனைக்கு எலக்ட்ரான் தரும், வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் சேர்த்தால் மறுமுனையில் ஹைட்ரஜன் வரும். தண்ணீரைப் பிளக்கக் கோட்பாட்டளவிலேயே 1.23 வோல்ட் வேண்டும். இந்தக் கலனுக்கு 1 வோல்ட்டுக்குள் போதும். ஆனால் மின்முனைச் செலவு கனம்.

சரி, மீத்தேன் தரும் பழைய பயோகேஸ் (சாண எரிவாயு) முறை? கணக்கு இங்கேதான் கவிழ்கிறது. 4 மூலக்கூறு ஹைட்ரஜனில் குளுக்கோஸின் ஆற்றலில் சுமார் 40 சதவீதம்தான் இருக்கிறது. அதே குளுக்கோஸ் 3 மூலக்கூறு மீத்தேனாக மாறினால் சுமார் 95 சதவீதம். இரண்டும் ஏட்டு உச்சங்கள்தான், இருந்தாலும் இடைவெளி பெரிது. வெறும் எரிபொருள் போதுமென்றால் பயோகேஸை விட்டு நகரக் காரணமே இல்லை. தூய ஹைட்ரஜன்தான் வேண்டுமென்றாலும் மீத்தேனை நீராவியோடு வினைபுரியச் செய்து எடுக்கலாம்.

இருள் நொதித்தலை நான் தேர்ந்தெடுப்பது இரட்டைத் தொட்டி அமைப்புக்கு மட்டும்: முதல் தொட்டியில் ஹைட்ரஜன், மிஞ்சும் அமிலங்களிலிருந்து இரண்டாவதில் மீத்தேன். அதற்கும் வைக்கோலைவிட, லிக்னின் குறைந்து சர்க்கரை மிகுந்த ஈரக் கழிவுதான் தோது.